ரெடிங் நகரும் ஒரு பிஸ்கட் பேரலும்



இங்கிலாந்து என்றதும் லண்டன் மாநகரின் மணிக்கூண்டும், தேம்ஸ் நதிப் பாலங்களும், அரண்மனைக் காவலரின் செந்நிறச் சீருடையும் உங்கள் மனக்கண் முன் தோன்றக்கூடும். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது லண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 58 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஒரு நகருக்கு. காட்ட விரும்புவதோ, மேசை மீது வைக்கும் ஒரு பாத்திரத்தை.

முதலில் நகரின் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்துகளைக் கூட்டினால் 'ரீடிங்' என்றே படிக்கத் தோன்றும். 'படித்தல்' என்ற பொருள் தரும் சொல்லுக்கும் அதே எழுத்துகள்தாம். ஆனால் அவ்வூர் மக்கள் 'ரெடிங்' என்றே உச்சரிக்கின்றனர். லண்டன் பேடிங்டன் நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் அரை மணி நேரத்திற்குள் அங்கு இறங்கிவிடலாம்.

இனிப் பாத்திரம். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் 'பிஸ்கட் பேரல்'. பேரல் என்றால் பீப்பாய். ஒரு சாண் உயரத்திற்குச் சற்றுக் குறைவான, உருண்டு திரண்ட உடல். இறுக்கமாகப் பொருந்தும் மூடி. மூடியின் உச்சியில் பிடித்துத் தூக்க ஒரு குமிழ். இருபுறமும் சாயும்படி மேலே ஒரு வளைந்த கைப்பிடி. நம் வீட்டுத் தூக்குச் சட்டியை உருண்டையாக்கி அலங்கரித்தாற்போல் இருக்கும் என்று சொன்னால் எளிதில் விளங்கும். ஓக் மரத்தில் செய்து உள்ளே பீங்கான் பதித்தவை உண்டு. பட்டை தீட்டிய கண்ணாடியில் செய்தவை உண்டு. பூ வேலைப்பாடு மிக்க பீங்கானிலும், முழுவதும் உலோகத்திலும் செய்தவை உண்டு. விக்டோரியா அரசியாரின் ஆட்சிக் காலத்தில் வீடுகளுக்குள் நுழைந்து, இரண்டாம் உலகப்போர் வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆங்கிலேயக் குடும்பங்களின் மாலைப் பொழுதை அலங்கரித்த பாத்திரம் இது. திருமணப் பரிசாக இதைக் கொடுப்பர். வேலையிலிருந்து ஓய்வு பெறுபவருக்குப் பெயர் பொறித்து வழங்குவர். விளையாட்டுப் போட்டிகளில் வென்றவருக்குக் கோப்பைக்குப் பதிலாகக் கொடுத்ததும் உண்டு.

இப்பாத்திரத்தின் கதையைச் சொல்வதற்கு ரெடிங் நகரே பொருத்தமான இடம். ஏனெனில், உலகிலேயே மிகப் பெரிய பிஸ்கட் ஆலை ஒரு காலத்தில் இங்குதான் இருந்தது. 'பிஸ்கட் நகரம்' என்றே இவ்வூரை அழைத்தனர். உள்ளூர்க் கால்பந்தாட்டக் குழுவினருக்கும் 'பிஸ்கட்காரர்கள்' என்பதே நெடுங்காலம் பட்டப்பெயராக வழங்கிற்று.

1822-ஆம் ஆண்டு ஜோசப் ஹண்ட்லி என்பவர் இந்நகரின் லண்டன் தெருவில் ஒரு சிறு ரொட்டிக் கடை திறந்தார். கடைக்கு எதிரே 'கிரவுன்' என்னும் பயணிகள் விடுதி. ரயில் வராத காலம் அது. லண்டனிலிருந்து மேற்கே பாத் நகருக்குச் செல்லும் குதிரை வண்டிகள் அவ்விடுதி முன் நின்று இளைப்பாறும். ஹண்ட்லி தம் கடைப் பையனிடம் கூடையைக் கொடுத்து அனுப்புவார். அவன் வண்டியில் அமர்ந்திருப்போரிடம் பிஸ்கட் விற்று வருவான். ருசி கண்டவர்கள் தத்தம் ஊர் சேர்ந்த பிறகும் அதே பிஸ்கட்டைக் கேட்கத் தொடங்கினர். அனுப்புவது எப்படி? காகிதத்தில் பொதிந்தால் நொறுங்கும். காற்றுப் பட்டால் நமத்துப்போகும். அவருடைய இளைய மகன் தகர வேலை அறிந்தவர். அதே தெருவில் பட்டறை வைத்துத் தகரப் பெட்டிகள் செய்து கொடுத்தார். தந்தை சுட்டார், மகன் பெட்டி செய்தார், வண்டி சுமந்து சென்றது. இவ்வளவுதான் தொடக்கம்.

1841-இல் ஜார்ஜ் பாமர் என்னும் உறவினர் கூட்டாளியாகச் சேர்ந்தார். நிறுவனம் 'ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ்' ஆயிற்று. 1846-இல் கிங்ஸ் சாலையில் ஆலை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். துருவப் பயணம் புறப்பட்ட கேப்டன் ஸ்காட் 1910-இல் கப்பலில் ஏற்றிச் சென்றவற்றில் இந்நிறுவனத்துப் பிஸ்கட்டும் இருந்தது.

இந்த இரு குடும்பத்தாரும் 'குவேக்கர்கள்' என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். இவர்களைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்வது பயனுள்ளது. பாதிரிமாரின்றி, அமைதியாக அமர்ந்து வழிபடுபவர்கள். நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மறுப்பவர்கள். எப்போதும் உண்மையே பேசுகிறவனுக்குத் தனியே சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். இதனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அவர்களுக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தன. அரசுப் பதவிகளும் கிட்டவில்லை. எனவே வணிகத்தில் இறங்கினர். பேரம் பேசாமல் ஒரே விலை சொல்வது அவர்களுடைய வழக்கம். குழந்தையை அனுப்பினாலும் அதே விலை, அதே எடை என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியது. கார்லைல் நகரின் 'கார்' குடும்பத்தார், அயர்லாந்தின் 'ஜேக்கப்' குடும்பத்தார் என்று பிஸ்கட் தொழிலின் பெரிய பெயர்கள் பலவும் குவேக்கர்களுடையவையே. மதுவை வெறுத்த ஒரு கூட்டத்தார் தேநீருக்குத் துணையாகும் தின்பண்டத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று எனவே நான் கருதுகிறேன்.

ரெடிங் நகர மன்றக் கட்டடத்திலேயே இயங்கும் அருங்காட்சியகத்தில் இந்த ஆலைக்கென ஒரு கூடம் ஒதுக்கியுள்ளனர். அங்கே கண்ணாடிப் பேழைகளுக்குள் வரிசை வரிசையாகத் தகரப் பெட்டிகள். வாரால் கட்டிய புத்தகக் கட்டு போன்ற ஒன்று; பூச்சாடி போன்ற ஒன்று. தொட்டுப் பார்த்தாலன்றித் தகரம் என்று நம்ப இயலாது.

அக்கூடத்தில் நிற்கும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. 1868-இல் இந்நிறுவனத்திற்காக முதன்முதலில் அலங்காரத் தகரப் பெட்டி ஒன்றை வடிவமைத்தவர் ஓவன் ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். யார் இவர்? 1834-ஆம் ஆண்டு, தம் இளமையில், பிரெஞ்சு நண்பர் ஜூல் கூரி என்பவருடன் ஸ்பெயின் நாட்டின் கிரனடா நகருக்குச் சென்று, அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தவர். "அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் வேறில்லை" என்ற அரபு வாசகம் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டுள்ளதே, அதே சுவர்கள்தாம்! நண்பர் கூரி அங்கேயே காலரா கண்டு மாண்டார். ஜோன்ஸ் மனம் தளராது மீண்டும் ஒருமுறை சென்று பணியை முடித்துப் பெரும் நூலாக வெளியிட்டார். 1856-இல் அவர் வெளியிட்ட அலங்கார இலக்கணம் பற்றிய நூலில் அரபு, துருக்கி, பாரசீகம், மூரியர் கலைகளுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. கிரனடாவின் கைவினைஞர்களிடம் பாடம் கற்ற கை, முதல் அலங்காரப் பிஸ்கட் பெட்டியையும் வரைந்தது.

சரி, இத்தனை அழகிய தகரப் பெட்டி இருக்கையில் பேரல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தகரப் பெட்டி கடையிலிருந்து வருவது. அதன் மீது கம்பெனிப் பெயர் இருக்கும். வசதி படைத்த குடும்பத்துப் பெண்மணி அதை அடுக்களை அலமாரியிலேயே நிறுத்திவிடுவாள். விருந்தினர் முன் கம்பெனிப் பெயரை நீட்டுவது பண்பன்று என்பது அவள் எண்ணம். பிஸ்கட்டைப் பேரலுக்கு மாற்றிய பிறகே அது வீட்டுப் பண்டமாகும். பேரல் வாங்க இயலாத குடும்பங்களோ அலங்காரத் தகரப் பெட்டியையே அடுப்பு மாடத்தின் மீது வைத்துப் பேரலாகப் பயன்படுத்தின. பிஸ்கட் தீர்ந்த பிறகும் அது தூக்கி எறியப்படவில்லை. பொத்தான், நூல்கண்டு, கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ் யாவும் அதற்குள் குடியேறின. நம் பாட்டிமார் பழைய பிஸ்கட் டின்னில் வெற்றிலைச் சாமான் வைத்திருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்தாலும் பெண்களின் சிக்கனம் ஒன்றுதான்!

செல்வர்களின் நாட்டுப்புற மாளிகைகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விருந்தினர் உறங்கும் அறையில் கட்டிலருகே ஒரு சிறு பிஸ்கட் பெட்டியை நிரப்பி வைப்பர். நள்ளிரவில் பசித்தால் விருந்தினர் எவரையும் எழுப்ப வேண்டியதில்லை, வாய்விட்டுக் கேட்கவும் வேண்டியதில்லை. விருந்தோம்பலில் இது ஒரு நுட்பம். கேட்ட பின் கொடுப்பதைவிடக் கேட்கும் நிலையே வராமல் செய்வது உயர்வல்லவா?

தேநீரின் வரலாறு நீண்டது, சுருக்கிச் சொல்கிறேன். 1662-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்த போர்த்துகீசிய இளவரசி கேத்தரின், தேநீர் அருந்தும் பழக்கத்தை அரண்மனையில் நாகரிகமாக்கினார். அவர் கொண்டுவந்த சீதனத்தில் நம் பம்பாயும், உலகம் சுற்றிய இப்னு பதூதா பிறந்த தன்ஜா நகரும் அடங்கும்! தேயிலை மீதான வரி நூற்றுக்கு 119 என்றிருந்ததை 1784-இல் பன்னிரண்டரையாகக் குறைத்தனர். அதன் பின்னரே அது ஏழை வீடுகளுக்கும் தாராளமாக வந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா, பகலுணவுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் இடைப்பட்ட நெடும் பொழுதைத் தாங்க மாட்டாமல், பிற்பகலில் தேநீரும் சிற்றுண்டியும் வரவழைத்தார் என்றும், பிறகு தோழியரையும் அழைக்கத் தொடங்கினார் என்றும் கூறுவர். ஏறக்குறைய நாம் அஸர் தொழுது முடித்து வீட்டில் தேநீர் அருந்தும் அதே வேளை.

இதில் வெளியார் பலர் குழம்பும் ஒரு செய்தி உண்டு. 'ஹை டீ' என்பதை உயர்ந்தோர் விருந்து என நம் நாட்டு ஓட்டல்களில் விளம்பரம் செய்கின்றனர். இங்கிலாந்தில் அது நேர்மாறு. ஆலையிலிருந்து களைத்து வரும் தொழிலாளி, மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்குடன் அருந்தும் தேநீரே 'ஹை டீ'. அதுவே அவனுக்கு இரவு உணவு. நான்கு மணிக்குத் தாழ்ந்த மேசையருகே வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் கேக்குமாகச் சீமாட்டிகள் அருந்தியது 'பிற்பகல் தேநீர்'. பேரல் இரண்டிலும் இடம்பெற்றது. இரண்டும் இல்லாத நாளில், முன்னறிவிப்பின்றி அக்கம்பக்கத்தார் வந்துவிட்டால் மானம் காத்ததும் அதுவே.

தேநீர் ஊற்றுவதற்கும் முறை உண்டு. கெட்டில் ஒருவர் கையில்தான் இருக்கும். பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. அவர் இல்லாத இடத்தில், ஆண்களே கூடியிருந்தாலும், ஒருவர் "நான் அம்மாவாக இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கெட்டிலைக் கையிலெடுப்பார். ஊற்றுகிறவரே அம்மா! பாலை முதலில் ஊற்றுவதா பின்னர் ஊற்றுவதா என்பது அவர்களிடையே ஓயாத தர்க்கம். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகள் வகுத்து ஒரு கட்டுரையே எழுதினார். அவர் தேநீருக்குப் பின் பால் என்ற கட்சி. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்பதைப் பெரிய இடத்து விருந்துகளில் இழுக்காகக் கருதுவர். வீட்டிலோ எல்லோரும் தோய்க்கத்தான் செய்கிறார்கள்.

மதுவுக்கு எதிரான போராட்டத்திலும் இத்தேநீர் மேசைக்குப் பெரும் பங்கு உண்டு. 1832-இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லைவ்ஸி முதலானோர் மதுவைத் தொடுவதில்லை என உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டனர். அவ்வியக்கத்தார் ஊர் ஊராக நடத்திய கூட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் குடும்பத்துடன் அமர்ந்து தேநீர் அருந்துவர். கூலிப் பணத்தைச் சாராயக் கடையில் தொலைத்த கணவன்மார் மாலையில் வீடு திரும்பி மனைவி மக்களோடு ஒரே மேசையில் அமர்ந்தனர் என்றால், அந்த மேசையின் மதிப்பை நீங்களே கணித்துக்கொள்ளலாம். 1887-இல் இஸ்லாத்தை ஏற்று, பின்னர் லிவர்பூல் நகரில் பள்ளிவாசல் கண்ட வழக்கறிஞர் அப்துல்லா குவிலியம் அவர்களும் இந்த மதுவிலக்கு இயக்கத்தில் ஊறி வளர்ந்தவரே.

சில ஆண்டுகளுக்கு முன் ரெடிங்கில் வசிக்கும் என் சிறிய தாயாரின் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் தெரு அது. அடுத்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். இந்தியாவிலிருந்து தம்பியின் அண்ணன் வந்திருப்பதை அறிந்து எங்கள் இருவரையும் நான்கு மணித் தேநீருக்கு அழைத்தார். சொன்னால் சொன்ன நேரம், நாங்களும் தவறவில்லை.

மேசை நடுவே ஓக் மரப் பேரல். வயதில் கறுத்து, கைப்பட்ட இடங்கள் மட்டும் மினுங்கின. நெற்றியில் பதித்த சிறு கேடயத் தகட்டில் இரண்டு எழுத்துகள். அவருடைய பெற்றோரின் பெயர் முதலெழுத்துகளாம். தந்தை பிஸ்கட் ஆலையில் அடுப்புப் பிரிவில் வேலை செய்தவர். ஆலை வாசலில் உடைந்த பிஸ்கட்டுகளை மலிவு விலைக்குக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தந்தை ஒரு பை கொண்டுவருவார். உடையாத துண்டுகளாகப் பொறுக்கிப் பேரலில் வைப்பது தாயின் வேலை, நொறுங்கியவை பிள்ளைகளுக்கு. திருட முடியாதா என்று என் தம்பி சிரித்துக்கொண்டே கேட்டான். அந்த அம்மையார் மூடியைத் தூக்கி மெல்ல வைத்தார். உள்ளிருந்த பீங்கானில் உலோக விளிம்பு பட்டு 'டிங்' என்றது. "இந்த ஓசை மாடி வரை கேட்கும்" என்றார். தேயிலையும் சர்க்கரையும் பங்கீட்டில் கிடைத்த போர்க்காலத்தில், தலைக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலை மட்டுமே. அப்போது பேரல் வாரக்கணக்கில் காலியாக இருந்ததுண்டாம். ஆனாலும் தாய் அதை மேசையிலிருந்து அகற்றவில்லை.

பிறகு அவர் செய்த காரியம் என் உள்ளத்தைத் தொட்டது. பேரலுக்கு அருகே, பிஸ்கட் வந்த காகித உறையைக் கத்தரித்து மடித்து வைத்திருந்தார். பன்றிக் கொழுப்போ வேறு விலங்குக் கொழுப்போ அதில் இல்லை என்பதைக் கடையிலேயே கண்ணாடி போட்டு வாசித்து உறுதி செய்துகொண்டாராம். நாங்கள் கேட்கவேண்டிய சங்கடம் நேரக்கூடாதென்று உறையையும் எடுத்து வைத்திருக்கிறார். கட்டிலருகே பிஸ்கட் பெட்டி வைத்த அதே மரபு அல்லவா இது?

புறப்படும்போது, தமக்குப் பின் இப்பேரலை என்ன செய்வது என்ற கவலையையும் சொன்னார். மகன் ஆஸ்திரேலியாவில். அவன் வீட்டில் தேநீர் நேரம் என்று ஒன்று இல்லை. அவரவர் கோப்பையை அவரவர் அறைக்கு எடுத்துச் செல்கின்றனர். விற்றுவிடு என்கிறான். என் தம்பியின் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார். தம்பி உடனே விடை சொல்லவில்லை. அவன் வீட்டிலும் மாலை நான்கு மணிக்கு எல்லோரும் ஒன்றாக அமர்வது அரிது என்பதை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

இதுவரை தேநீர் மேசையின் ஒளி பொருந்திய பக்கத்தைக் கண்டீர்கள். அம்மேசையின் சர்க்கரைக் கிண்ணத்தையும் பார்க்காமல் விடுவது நேர்மையாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கடத்தப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1791 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சர்க்கரையை வாங்க மறுத்தன. முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு வாக்கில்லை, ஆனால் வீட்டுச் சாமான் பட்டியல் அவர்கள் கையிலிருந்தது. அடிமைகளால் செய்யப்படாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. லெஸ்டர் நகரின் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் பெண்மணி 1824-இல், அடிமைத்தனத்தைப் படிப்படியாக அன்று, உடனே ஒழிக்க வேண்டும் என்று நூல் எழுதியதோடு, வீடு வீடாகச் சென்று சர்க்கரையைத் துறக்கும்படி வேண்டினார்.

பேரல் சேகரிப்போர் பெரிதும் விரும்பும் வகை ஒன்று உண்டு. நீல நிறப் பரப்பில் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும் 'ஜாஸ்பர்' வகை. ஸ்டோக் பகுதியின் வெட்ஜ்வுட் நிறுவனம் செய்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜோசயா வெட்ஜ்வுட் 1787-இல் அதே ஜாஸ்பர் மண்ணில் ஒரு சிறு பதக்கம் வார்த்தார். சங்கிலியிட்ட ஆப்பிரிக்கர் ஒருவர் மண்டியிட்டு, நானும் ஒரு மனிதனல்லவா, சகோதரனல்லவா என்று கேட்பதாக அமைந்த பதக்கம். பெண்கள் அதைக் கைவளையிலும் கூந்தல் ஊசியிலும் பதித்து அணிந்தனர். இங்கிலாந்து 1807-இல் அடிமை வாணிகத்தையும், 1833-இல் சட்டமியற்றித் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையும் ஒழித்தது. அப்போது அடிமைகளின் எஜமானர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கினர். அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. தேயிலையின் கதையிலும் நிழல் உண்டு. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைமலையாகப் பரவியதற்கு, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கால்நடையாகச் சென்ற ஏழைத் தமிழர்களின் முதுகே ஏணியாயிற்று.

இன்று ரெடிங்கில் ஆலை இல்லை. 1976-இல் அங்கு உற்பத்தி நின்றது. கட்டடங்கள் பெரும்பாலும் இடிபட்டன. பாமர் குடும்பத்தார் நிலமும் பணமும் கொடுத்து வளர்த்த கல்லூரி 1926-இல் பல்கலைக்கழகமாயிற்று; அது தழைத்து நிற்கிறது. ஜார்ஜ் பாமர் நகருக்கு அளித்த பூங்காவில் அவர் சிலை உள்ளது. வாளும் குதிரையும் இல்லை. கையில் தொப்பியும் குடையும்! ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் 1921-இல் லண்டனின் பீக் ஃப்ரீன் நிறுவனத்துடன் கைகோத்தது. அந்தப் பீக் ஃப்ரீன் 1874-இல் ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தை ஒட்டிச் சுட்டதுதான் நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் கொடுக்கும் 'மாரி' பிஸ்கட். கல்கத்தாவில் பிறந்த நம் பிரிட்டானியாவையும் 1924-இல் அந்நிறுவனமே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

பேரல்களோ ஊரெங்கும் கிடைக்கின்றன. லண்டன் போர்ட்டபெல்லோ சாலையில் சனிக்கிழமை தோறும் கூடும் பழம்பொருள் சந்தையில் பார்க்கலாம். அறநிறுவனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகளில் இன்னும் மலிவு. யாரோ ஒருவரின் திருமண நாள் பொறித்த பேரல், பழைய செருப்புகளுக்கும் நாவல்களுக்கும் நடுவே கிடக்கும்.

உங்கள் உறவினர் எவரேனும் அங்கிருந்து வாங்கி வர விரும்பினால் சில குறிப்புகளைச் சொல்லி அனுப்புங்கள். மூடி தன் பாத்திரத்தோடு பிறந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இறுகப் பொருந்தாவிடில் வேறொன்றின் மூடி அது. உள்ளே பீங்கானில் கீறல் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உலோகத்தில் 'ஈ.பி.என்.எஸ்.' என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது வெள்ளியன்று. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த, நாம் ஜெர்மன் வெள்ளி என்கிற உலோகத்தின் மீது மின்சாரத்தால் பூசிய வெள்ளி முலாம். 1840-இல் பர்மிங்ஹாம் எல்கிங்டன் நிறுவனத்தார் உரிமம் பெற்ற முறை. அசல் வெள்ளியாயின் நடந்து செல்லும் சிங்க முத்திரை இருக்கும்.

இங்கே நம் வீட்டாருக்கு இன்னொரு கவனமும் தேவை. உண்ணவும் பருகவும் தங்க, வெள்ளிப் பாத்திரங்களைப் புழங்குவது நமக்குத் தடுக்கப்பட்டதென்பதை அறிவீர்கள். ஆகவே அசல் வெள்ளிப் பேரல் எவ்வளவு அழகாயினும் நமக்கானதன்று. முலாம் பூசியது பற்றி, நெருப்பில் காட்டினால் வெள்ளி தனியே திரளுமா திரளாதா என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் நுணுகிப் பார்க்கின்றன. ஐயம் உள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ஐயமே வேண்டாம் என்போருக்குக் கண்ணாடி, பீங்கான் பேரல்களும், பித்தளைப் பூண் போட்ட ஓக் மரப் பேரல்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

முலாம் பூசியதைச் சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். ஓக் மரத்தை நீரில் ஊறவைக்காதீர்கள். உட்பீங்கானை ஈரத் துணியால் துடைத்து, மூடியைத் திறந்து வைத்து உலர விடுங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பிஸ்கட்டோ நானகத்தாவோ எளிதில் நமத்துப்போகும் என்பதால் முக்கால் பங்கு நிரப்பி அடிக்கடி மாற்றுவதே நல்லது. கேக்கை மட்டும் அதே பேரலில் போட்டுவிடாதீர்கள். கேக்கில் ஈரம் மிகுதி, பிஸ்கட்டில் குறைவு. கேக்கின் ஈரத்தைப் பிஸ்கட் இழுத்துக்கொள்ளும். இது காய்ந்து கட்டியாகும், அது துவண்டுபோகும். 'ஜாஃபா கேக்' என்னும் பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்ற வரி வழக்கு 1991-இல் இங்கிலாந்துத் தீர்ப்பாயத்திற்கு வந்தபோது, பழசானால் அது கேக்கைப் போல் கட்டியாகிறது, பிஸ்கட்டைப் போல் நமத்துப்போவதில்லை என்பதும் கருதப்பட்டு, அது கேக்கே என்று தீர்ப்பாயிற்று.